சேட்டக்கா தமிழ் பேசிப் பழகிய கோடை

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் காலை நடை முடித்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தால் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவோம். இப்போது ஆளுக்கொரு செல்போனைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் படிக்கிறோம். மகன் அங்கே இருக்கிறான், மருமகள் அந்த ஊர்க்காரி, பேரனுக்குத் தமிழ் வாயில் நுழைவதில்லை. நாம்தான் இறங்கிப் போக வேண்டும். "ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது" என்று சொன்னால் போன் நமக்கு நட்சத்திரம் தருகிறது, கை தட்டுகிறது. நம் கூட்டத்தில் பேங்க் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டார். போன மாதம் வீடியோவில் மருமகள் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் பாஷையில் கேட்டதும் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இந்த வயதில் புது பாஷை வருமா என்று என்னைக் கேட்டீர்கள். எனக்கு இலக்கணமும் தெரியாது, பாடம் நடத்தவும் தெரியாது. ஆனால் ஒரு மனுஷி ஒரே கோடையில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் அப்போது நான்காம் வகுப்பு. அதைச் சொல்கிறேன், உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். முன்பக்கம் ஒரு பொதுக்குழாய், அதற்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு நேரம் தெரியும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் நின்று துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தப் பஞ்சு வாசனையும் எந்திர எண்ணெய் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு அப்பா. இப்போது அந்த மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது.

அந்த வருஷம் மாசி மாதத்தில் கடைசி வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். அவர் மில்களுக்குப் புது எந்திரம் பூட்டிக் கொடுக்கிறவர். சோலாப்பூர் பக்கம் ஊர், பேச்சு மராட்டி. வடக்கே இருந்து யார் வந்தாலும் நமக்குச் சேட்டுதானே? அவர் எங்கள் அப்பாவைப் போல அழுக்குக் காக்கி போட்டுக்கொண்டு ஸ்பானரோடு போகிறவர். இருந்தாலும் அவர் சேட்டு, அவர் மனைவி சேட்டம்மா. பிள்ளைகள் எங்களுக்குச் சேட்டக்கா. அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருந்தால் அதிகம்.

சேட்டக்கா மாசமாக இருந்தாள். முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போக அவளுக்கு வீடு இல்லை. அம்மா செத்துப்போய்விட்டாள், அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். புருஷனோ உடுமலை, தாராபுரம் என்று எந்திரம் பூட்டப் போனால் திரும்பி வர நாளாகும். ஆக, பிரசவம் இங்கேதான், ஒருவேளை தனியாகத்தான். இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். எங்கே வலிக்கிறது என்று தன் வாயால் சொல்ல முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் அவளை விடவே இல்லை. இது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. வந்த புதிதில் நாங்கள் கண்டதெல்லாம், எந்நேரமும் ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைத்தான்.

அந்த ரேடியோவை அவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். மரப்பெட்டி, முன்னால் தங்க நிறத் துணி. குமிழைத் திருகிச் சூடேறக் காத்திருக்க வேண்டும். சேட்டக்கா தமிழ்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிப் பழகினாள். பாவம், அதுதான் வீட்டுக்கு வீடு பேசும் தமிழ் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை பொதுக்குழாயடியில் குடத்தோடு வந்து நின்று, நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "வணக்கம். இன்று தண்ணீர் வழங்கப்படும் என்று தெரிவிக்கப்படுகிறதா?"

நானும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மண்ணில் விழுந்து சிரித்தோம். தம்பி குடத்தையே கீழே போட்டுவிட்டான். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அம்மா முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "வருமுங்க அம்மணி, இன்னுஞ் செத்த நேரத்துல வந்துருமுங்க. என்னமாத் தமிழ் பேசறீங்க! எங்களுக்கே இப்படி வராதுங்க" என்றாள். மற்ற பெண்களும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அவள் குடத்தை வாங்கி, வரிசையில் முன்னால் வைத்து, தண்ணீர் பிடித்து, வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வந்தவர் மனம் கோணக்கூடாது. தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் நமக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது. லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அவளிடம் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன் அவளுக்கு வேண்டியது வந்துவிடும். காய்க்காரர் வந்தால் அம்மா அவளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவாள். கடைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். அவள் எதைப் பேசினாலும் நல்லாப் பேசறீங்க என்பார்கள். பங்குனி முடிகிற வரைக்கும் அவள் தமிழ் அந்தச் செய்தித் தமிழிலிருந்து ஒரு அடி நகரவில்லை.

ஆனால் எங்கள் சிரிப்பை அவள் கவனித்திருக்கிறாள். முழுப்பரீட்சை முடிந்து நாங்கள் வேப்பமரத்தடியில் தாயக்கரம் ஆட உட்கார்ந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து உருட்டினாள். "இது எவ்வளவு என்று கூறப்படுகிறது?" என்றாள். நாங்கள் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, விரலால் தன் வாயைக் காட்டி, பிறகு என் வாயைக் காட்டினாள். நீ சொல் என்று அர்த்தம். "எத்தன உளுந்துது?" என்றேன். அவள் அதையே சொன்னாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அதையேதான் சொன்னாள்.

அந்தக் கோடை முழுக்க எங்களோடுதான் இருந்தாள். விளையாடும்போது இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். கட்டையை உருட்டும்போது மட்டும் ஒரு கை வெளியே வரும். கை வெளியே இருந்தால் ஜாடை காட்டிவிடத் தோன்றுமாம், ஜாடை காட்டினால் வாய்க்கு வேலை இல்லாமல் போய்விடுமாம். காய் வெட்டுப்பட்டால் சண்டை போட வேண்டும், சண்டையில் யோசிக்க நேரம் ஏது? "அழுகுணி ஆட்டம் ஆடாத!" என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு அவளும் கத்தினாள். எங்களோடு சண்டை போட்டுத்தான் அவள் நாக்கு திரும்பியது.

நாளுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது இன்னொரு வழி. "இன்னைக்கு உங்க ஊட்ல என்ன கொழம்பு?" கேள்வி ஒன்றுதான், பதில்தான் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் வீட்டில் கத்தரிக்காய், அடுத்த வீட்டில் தட்டைப்பயறு, அதற்கடுத்த வீட்டில் முருங்கைக்காய். பொழுது சாய்வதற்குள் அவளுக்குக் காய்கறிச் சந்தை முழுக்க வாயில் வந்துவிடும். ஒருநாள் சொல்லிவைத்தது போல எல்லா வீட்டிலும் குழம்பே தேவைப்படாத அரிசிம்பருப்புச் சோறு. அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஆசையாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு வாத்தியார் வராத நாள் மாதிரி வாடியிருந்தது.

சில மத்தியானங்களில் டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. பெண்கள் சீட்டில் இரண்டு பேர் வாயாடுகிற இடமாகப் பார்த்துப் பின்னால் உட்காருவாள், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். முன்சீட்டில் இரண்டு பெண்கள் தங்கள் நாத்தனாரைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். சேட்டக்கா கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் சொல்வதை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். புரியாவிட்டாலும் சொல்வாள். ராகம் முதலில் வரட்டும், அர்த்தம் பின்னால் வந்துகொள்ளும் என்பது அவள் கணக்கு.

இதுதான் பெரியவர்கள் கண்ணில் வேறு மாதிரிப் பட்டது. மாசமான பெண் தனியாகப் பஸ்ஸில் போகிறாள், தனக்குத்தானே முணுமுணுக்கிறாள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கத்துகிறாள். எதையோ பார்த்துப் பயந்துகொண்டாள் என்று லைன் வீட்டில் பேச்சு கிளம்பியது. அம்மா கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிவந்து அவள் நெற்றியில் பூசினாள். சேட்டக்கா ரொம்ப சந்தோஷமாக நெற்றியைக் காட்டி, "இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள்.

அன்றே, நாங்கள் தினமும் மரத்தடியில் அவளைப் பார்த்துச் சிரிப்பதும் அம்மா கண்ணில் பட்டுவிட்டது. வீட்டுக்குள் இழுத்துப்போய் எங்கள் இரண்டு பேர் தொடையிலும் நிமிண்டினாள். "தாயில்லாத புள்ள, ஊரு உட்டு ஊரு வந்து கெடக்குது. அதைப் பாத்து இளிக்கறீங்களா? இனி அவங்ககிட்ட மரியாதையாப் பேசலைன்னா சோறு கெடையாது, பாத்துக்குங்க" என்றாள். சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கியது. எங்கள் அம்மாவும் சின்ன வயதில் தாயை இழந்தவள்தான். அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் மரத்தடியில் நாங்கள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். சேட்டக்கா ஏதோ தப்பாகச் சொன்னாள். "சரிங்க" என்றான் தம்பி. இன்னொன்று சொன்னாள். "ஆமாங்க" என்றேன் நான். அவள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். கட்டையைக் கீழே வைத்தாள். எழுந்து நேராக எங்கள் வீட்டுக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேட்டக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"நீங்க நல்லவங்க. ரொம்ப நல்லவங்க. நான் தப்பாப் பேசறேன், நீங்க தலை ஆட்டறீங்க. இவங்க சிரிக்கறாங்க. சிரிச்சா எனக்குத் தப்பு தெரியுது. நாளைக்கு டாக்டர்கிட்ட நான் தப்பாச் சொன்னா? டாக்டர் தலை ஆட்டுனா? என் புள்ள என்ன ஆகும்?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு ஏனுங்க அம்மணி இந்தப் பயம் பயப்படறீங்க? நான் எதுக்கு இருக்கறேன்? உங்க கூட ஆஸ்பத்திரிக்கு நான் வாரேன். உங்களுக்காவ எல்லாம் நானே சொல்லிக்கறேன். நீங்க வாயே தொறக்க வேண்டாமுங்க" என்றாள்.

சேட்டக்கா அம்மா பிடியிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைக் காட்டி, "இவ சிரிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அம்மா அரை மனதாகத் தலையாட்டினாள். எங்களுக்குச் சிரிக்க அனுமதி திரும்பக் கிடைத்தது.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று அப்போதெல்லாம் கூரை ஓட்டைத் தூக்கும், கொடியில் காயும் துணியை மில் காம்பவுண்டில் கொண்டுபோய்ப் போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாரல் தூறிக்கொண்டிருந்தது, சேட்டக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் தாராபுரத்தில் இருந்தார். சேலை கால்பக்கம் நனைந்திருந்தது. அம்மா ஒரு பார்வையிலேயே அடுப்பை அணைத்துவிட்டு, அப்பாவை அனுப்பி பஸ் ஸ்டாப்பிலிருந்து டாக்சி வரவழைத்தாள். சேட்டக்கா என் கையை விடவில்லை. "இவளும் வரணும்" என்றாள். அவளுடைய பாதித் தமிழ் எனக்குத்தான் முழுசாகப் புரியும் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். டெட்டால் வாசனை, ஈரக் குடை வாசனை, யாரோ கொண்டுவந்த ரசத்தின் வாசனை. டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். சேட்டக்காவைப் பார்த்ததுமே வெளியூர் என்று தெரிந்து, அம்மாவிடம் கேட்டார். "என்ன பண்ணுதாம் இவங்களுக்கு?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகூப்பினாள். "கும்புடறேனுங்க டாக்டரம்மா. நல்லா இருக்கீங்களா? பெருசா ஒண்ணுமில்லீங்க. இடுப்பு கொஞ்சம் நோவுதாமாட்ட இருக்குதுங்க. தலைச்சன் பாருங்க, புள்ள பயந்துக்குது. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா உங்களுக்குச் சிரமம் குடுக்கறமுங்க" என்றாள்.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்கள் முன்னால் நம் கஷ்டத்தைக் கொட்டக்கூடாது, கொஞ்சம் குறைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? உயிர் போகிற வலியைக்கூட "கொஞ்சம் நோவுதுங்க" என்றுதான் சொல்வோம். கேட்கிறவரும் நம் ஊர்க்காரராக இருந்தால் அந்தக் கொஞ்சத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். டாக்டரம்மா வேறு ஊர். அவர் அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சமாகவே எடுத்துக்கொண்டு, "வலி நல்லா வரட்டும். வெளியில உட்காருங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சேட்டக்கா நகரவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"இல்ல! அழுகுணி ஆட்டம்! இவ பொய் சொல்றா!" என்று கத்தினாள். மரத்தடியில் எங்களைப் பார்த்துக் கத்துகிற அதே குரல். "கொஞ்சம் இல்ல. நேத்து புள்ள உதைச்சுது. காத்தால இருந்து உதைக்கல. அசையவே இல்ல. தண்ணி போச்சு. பச்சையாப் போச்சு. நீ எழுதாத. எந்திரி. இப்பப் பாரு!"

 டாக்டரம்மாவை நீ என்று கூப்பிட்ட ஒரு ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். அந்தத் தமிழ் முழுக்க எங்களிடமிருந்து போனது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் தோல் உரியும் என்று கதவோரம் ஒதுங்கினேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "பச்சையாவா? எப்போ?" என்று சேட்டக்காவையே கேட்டார். பனிக்குடத் தண்ணீர் பச்சையாகப் போனால் உள்ளே பிள்ளைக்கு ஆபத்தாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கேயே படுக்க வைத்து, பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். முகம் மாறியது. நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வேகத்தில் எல்லாரும் ஓடினார்கள். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனதும், அந்தப் பெரிய கதவு இரண்டுமுறை ஆடி நின்றதும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாமல் சொன்னாள். "என்னைப் பொய்யின்னு சொல்லிப்போட்டா. எம்பட வாயில அப்படித்தானே வரும் கண்ணு? வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாதே." நான் அம்மா மடியில் தலை வைத்துக்கொண்டேன். 

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. முதலில் அழவில்லையாம், தட்டித் தட்டி அழ வைத்தார்களாம். டாக்டரம்மா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "உங்க பேச்சைக் கேட்டு வெளியில உட்கார வெச்சிருந்தா நாம ஒரு உயிரை விட்டிருப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. நாம என்றுதான் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மா பூண்டு தட்டிப் போட்ட ரசமும் குழைந்த சோறும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு நானும் போனேன். சேட்டக்கா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் சின்னதாக ஒரு சிவந்த முகம். அம்மாவைக் கண்டதும் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"என் மேல கோவமாங்க?" என்றாள். எங்களிடம் கற்ற தமிழில், மரியாதைக்காகக் கடைசியில் சேர்க்கும் அந்த 'ங்க' கிடையாது. அதை எங்கிருந்து எடுத்து வைத்திருந்தாளோ தெரியாது.

அம்மா தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்கினாள். அப்போது சேட்டக்கா தையல் இழுத்து முகத்தைச் சுளித்தாள், அவள் பாஷையில் ஏதோ முனகினாள். அம்மா குனிந்தாள்.

"உங்க பேச்சுல, வலிக்குதுன்னா எப்படீங்க சொல்றது?"

மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அவளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தோம், காய் வாங்கிக் கொடுத்தோம், விபூதி பூசினோம். அவளுடைய பாஷையில் ஒரு சொல் என்னவென்று எங்கள் லைன் வீட்டில் ஒருவர்கூட அதுவரைக்கும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சேட்டக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"துக்தய்" என்றாள்.

"துக்காய்ங்க" என்றாள் அம்மா, ரொம்ப மரியாதையாக.

சேட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று வலியோடு வலியாகச் சிரித்தாள். அம்மாவின் முகம் சிவந்துபோனது. "தப்பு, தப்பு. மறுபடி சொல்லுங்க" என்றாள் சேட்டக்கா.

அம்மா மறுபடி சொன்னாள்.